என்ன கிழமை

காங்கேயம் பேருந்து நிலையத்தில் விழுந்து கிடந்தவரை
இருவர் தூக்கி வந்து கட்டிலில் சாய்த்துவிட்டு
"தண்ணி போட்டிருக்காருங் சிஸ்டர்" என்றார்கள்.
யாரெவர் என்று கேட்பதற்குள்
அவர்களுக்குக் கரூர் வண்டி வந்துவிட்டது.

குனிந்து மோந்து பார்த்தேன்.
பதினோரு வருடத்தில் இந்த மூக்கு
படித்த படிப்பைவிட அதிகம் படித்திருக்கிறது:
பூச்சிமருந்து குடித்தவர்மேல் பூண்டு வாடை,
சர்க்கரை ஏறிக் கிடப்பவர் மூச்சில்
அளிந்துபோன கொய்யா.
இவரிடம் தேங்காய்க்களத்து வாசம் மட்டும்,
கொப்பரையும் சாம்பலும்.

சட்டை பிழிந்தால் சொட்டும்.
மார்கழிப் பனியில் இப்படி வேர்ப்பவரைக்
குடிகாரர் என்று ஓரமாய்க் கிடத்தக் கூடாது.
ஒருமுறை கிடத்தியிருக்கிறேன்.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

பேரு சொல்லுங்க?
பாதிக் கண் திறந்தது.
"சென்னியப்பன்."
இது எந்த இடமுங்க?
"ஓட்டுச் சாளை."
மேலே ஓடு கிடையாது,
ஒரு மின்விசிறி உண்டு, அதுவும் ஓடாது.
இன்னைக்கு என்ன கிழமை?
நாக்கு வாய்க்குள் எதையோ தேடித் திரிந்து
வெறுங்கையோடு திரும்பியதுபோல
"சந்தை" என்றார்.

படிவத்தில் மூன்று கட்டம்.
ஒரு சரி, இரண்டு தப்பு.

கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன்:
இரண்டு பக்கமும் ஒரே பிடி.
வாய் கோணவில்லை.
டார்ச் அடித்தால் இரண்டு கண்மணியும் சுருங்குகின்றன.
விரலில் குத்திய சொட்டை
இயந்திரம் ஐந்து நொடி யோசித்தது.
முப்பத்தாறு.

அடுத்த கட்டிலில் கோகிலவாணி, பத்தொன்பது,
பனியன் கம்பெனி செக்கிங்.
நின்ற வாக்கில் சரிந்தாளாம்.
படுத்திருக்கையில் அழுத்தம் நூற்றுப்பத்து,
எழுப்பி நிறுத்தி மூன்று நிமிடம்: எண்பத்தாறு.
காலையில் என்னம்மா சாப்பிட்டே?
"டீங்."
மத்தியானம்?
அவள் சூப்பர்வைசரைப் பார்க்கிறாள்.
டாக்டர் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகுதான்
பதினெட்டு நாளாக நிற்காத உதிரம்
பேச்சில் வந்தது.
"துணி மாத்தப் போனா டோக்கன் கேப்பாங்க மேடம்,
ஒரு நாளைக்கு ரெண்டுதான்."
கீழிமையை இழுத்துப் பார்த்தார்.
வெளுத்த சுண்ணாம்புச் சுவர்.
"ஷிஃப்ட்டுக்கு வந்துருவாளாங்?"
கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.
யாரும் பதில் சொல்லவில்லை.

இந்தப் பக்கம் எனக்கு நரம்பு கிடைக்கவில்லை.
கொப்பரை கிளறிய கை,
தோலெல்லாம் தொட்டி.
மூன்றாவது குத்தில் ரத்தம் திரும்பியது.
குளுக்கோஸை மெல்ல, மிக மெல்ல ஏற்றினேன்.
பாதி ஊசியில்
முகத்துக்கு ஆள் வந்து சேர்ந்தார்.

"ஈரோட்டு வண்டி போயிருச்சுங்களா?"
விழுவதற்கு முன் விட்ட வாக்கியத்தை
விட்ட இடத்திலேயே எடுக்கிறார்.

"ஆறு மணிக்கு ஊசி போட்டுட்டனுங்.
கணக்குப்பிள்ளை கூலி கொண்டாருவார்னு உக்காந்திருந்தேன்.
கூலி வந்தாத்தானுங்க அம்மிணி இட்லி."

கிழமை கேட்டனே, சந்தைன்னு சொன்னீங்களே?
"ஆமாங். எங்கூர்ல வியாழன்னு
ஆருஞ் சொல்றதில்லீங். சந்தைன்னா சந்தைதான்."

சுவரில் நாட்காட்டியைப் பார்த்தேன். வியாழன்.
தப்பை அடித்துச் சரி போட்டு
விதிப்படி பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.
சாளையை அப்படியே விட்டுவிட்டேன்.

ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கும்;
விடியும்வரை மணிக்கொருதரம் எழுப்ப வேண்டும்.
அடுத்த வார்டில் கடன் வாங்கிய நாலு இட்லியைத்
தொட்டுக்க எதுவும் கேட்காமல் தின்றார்.
நான் பார்த்துக்கொண்டே நின்றது
அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

ஒன்றேகால் மணிக்குத் தோளைத் தொட்டேன்.
பேருங்க? சென்னியப்பன்.
எங்கிருக்கீங்க? "காங்கயம் ஜி.எச்."
என்ன கிழமை?
"அட, எத்தனை தடவைங் கேப்பீங்க. சந்தை."

பன்னிரண்டு தாண்டிவிட்டது.
படிவப்படி வெள்ளி.

சரி என்று போட்டேன்.